ஞாயிற்றுக்கிழமை படிக்கிறவர்

என் கையால் கோத்த கதையைக் கேட்டு என் மனைவி இன்னொரு வீட்டில் உட்கார்ந்து அழுதாள். அதைக் கோத்தது யார் என்று ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. ஆறு வருஷமாக இந்தக் குறை என் நெஞ்சில் கிடக்கிறது. அவளை அழவைத்த மனுஷன் போய் நாலு வருஷமாகிறது. குறை மட்டும் போகவில்லை.

அவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அதனால் நேரில் 'அண்ணே' என்பேன். அச்சுக்கூடத்தில் அவருக்கு 'வெண்கலம்' என்று பெயர். குரல் அப்படி. எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், 'கடுகு'. சூடு பட்டால் பொரிவேனாம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அச்சுக்கூடம், ஒரே தெரு, ஒரே மாமியார். மாமியார் முதல் தட்டை அவர் முன்னால்தான் வைப்பார்.

நான் கம்பாசிட்டர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்குவது என் வேலை. கண்ணாடியில் தெரிவதுபோல எழுத்து இடம் வலம் மாறியிருக்கும். காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்கவேண்டும். நரம்பு புடைத்த என் காலைப் பார்த்து ஒரு வைத்தியர், "சுமை தூக்குற வேலையா?" என்று கேட்டார். எழுத்து தூக்குகிற வேலை என்றேன்.

சகலைக்கு நாற்காலி. நாங்கள் கோத்ததைத் தாளில் ஒற்றி எடுத்தால் அது புரூஃப். அதைத் திருத்துகிறவரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். எழுத்தாளர் கையால் எழுதித் தந்ததை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, கண்ணாடிக்காரர் எதிரே உட்கார்ந்து புரூஃபை வரிவரியாகச் சரிபார்ப்பார். அப்படி வாய்விட்டுப் படிப்பதற்குத்தான் என் சகலைக்குச் சம்பளம். ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் ஒரு கூஜா தண்ணீர். கமா வந்தால் விரலால் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு தட்டு. மரக் கதவு சாத்தியிருந்தாலும் அந்தக் குரல் எங்கள் அறைக்கு வரும். பக்கத்தில் அச்சு இயந்திரம் ஓடும்போது மட்டும் வராது. இயந்திரம் நின்றால் மற்ற ஐந்து கம்பாசிட்டர்களும் கை வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். நான் மட்டும் கூட்டிக்கொள்வேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. கம்பாசிட்டருக்குக் கதை தெரியாது. எழுத்தாளரிடமிருந்து கட்டு வந்ததும் எங்கள் ஃபோர்மேன் கத்தரியை எடுத்து அதைத் துண்டு துண்டாக வெட்டுவார். ஆறு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தால்தான் சீக்கிரம் முடியும். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் அது யாருக்குப் போகிறதோ அவன் நம்பரை நீலப் பென்சிலால் எழுதுவார். தப்பு வந்தால் யார் தலையை உருட்டுவது என்று தெரியவேண்டுமே. என் நம்பர் நாலு. ஒரு பெண் கதவைத் திறந்தாள் என்று நான் கோப்பேன். வெளியே நின்றது யார் என்பது ஐந்தாம் நம்பருக்குத்தான் தெரியும். ஒரு தடவை ஒரு பெரியவரைச் சாகக் கிடக்கிற இடத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். பிழைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. துண்டுகளெல்லாம் மறுபடி ஒன்றாகச் சேருவது சகலையின் மேஜையில். முழுக்கதையும் அவர் வாய்க்குள் போகும்.

அந்த நாளில் பெரிய கதைகள் ஒரே புத்தகமாக வருவதில்லை. வாரம் பதினாறு பக்கம். ஒரு பெரிய தாளை மடித்து, ஓரம் வெட்டாமல், சனிக்கிழமை கடையில் போடுவார்கள். வாங்குகிறவர்கள் வீட்டில் கத்தியை வைத்துப் பக்கங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் எழுத்து தெரிந்தவர்கள் கம்மி. தெரிந்தவர்களுக்கும் தானே படிப்பது ருசிக்காது. ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதுதான் அப்போது படிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சகலை வீட்டு முன்னறையில் இருபத்தைந்து பேர் நெருக்கியடித்து உட்காருவார்கள். பாய் போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து பெஞ்சு வரும். தையல்காரர் ஊசி நூலோடு வருவார், கை சும்மா இருக்காது. சோகமான இடத்தில் தையலை நிறுத்துவார். அதை வைத்துத்தான் அந்த வாரத்துக் கதை எப்படி என்று தெருவே முடிவு கட்டும்.

அவருடைய கடைசி இரண்டு வருஷமும் ஒரு கப்பல் தச்சனின் கதை ஓடிக்கொண்டிருந்தது. தச்சன் கப்பலேறிப் போகிறான். பத்து வருஷமாகக் கடுதாசி இல்லை. அவன் மனைவி துணி தைத்துப் பிழைக்கிறாள். கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான். நல்லவன் வேறு. தச்சன் வருவானா, அதற்குள் இவள் கடிகாரக்காரனுக்குச் சரி சொல்லிவிடுவாளா? தெரு முழுக்க இதே பேச்சு. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இரண்டு கட்சி.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சோறு பதினொன்றுக்கே தயாராகிவிடும். மற்ற நாளில் ஒரு மணிக்குக் கேட்டாலும் "அடுப்புல இருக்கு" என்பாள்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "போன வாரம் வந்ததுல பாதி நான் கோத்தது. தெரியுமா?"

"அப்படியா?" என்று திரும்பினாள். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் என் வேலையைப் பற்றி அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் பார்த்தேன். "அப்போ கடிகாரக்காரன் அந்தக் கடுதாசியைக் கிழிச்சானா, ஒளிச்சு வச்சானா?"

"அது ரெண்டாம் நம்பர் கோத்தது."

"அவ அண்ணன்காரன் எதுக்கு வந்தான்?"

"அது அஞ்சு."

"அப்ப உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"அவ வீட்டு வாசல்ல ரெண்டு படி இருக்கு. ஒண்ணு உடைஞ்சது."

"சரி, கையைக் கழுவிட்டு வாங்க, நேரமாச்சு. அத்தான் ஆரம்பிச்சிருவாரு."

இந்த அத்தானைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அவர் என் மனைவியிடம் தப்பாக ஒரு பார்வை பார்த்தவர் இல்லை. பார்த்திருந்தால்கூட ஒரு வழியாகச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அவர் செய்ததெல்லாம் படித்ததுதான். தச்சன் மனைவி பேசும்போது குரலைப் பெண்குரலாக மாற்றமாட்டார், கொஞ்சம் தாழ்த்துவார், அவ்வளவுதான். அறையில் இருக்கிற பெண்கள் எல்லாரும் தங்களைப் பற்றிச் சொல்வதுபோலத் தலையைக் குனிந்துகொள்வார்கள். என் மனைவியும் குனிவாள். நான் சுவரோரம் உட்கார்ந்து அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கட்டிக்கொண்ட நாள் முதல் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிக் குனிந்ததில்லை.

ஐம்பதாவது பாகம் அச்சாகிற சமயம் எழுத்தாளரே ஒரு நாள் அச்சுக்கூடத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர், குடையை மடக்கத் தெரியாமல் திண்டாடினார். புரூஃப் அறை வாசலில் போய் நின்றவர் உள்ளே போகவில்லை. சகலை படிப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றார். அரைமணி நேரம் இருக்கும். யாரிடமும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

அடுத்த கட்டோடு, வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பும் வந்தது. ஐம்பது பாகம் வாங்கி ஆதரித்ததற்கு நன்றி, இன்னும் நாற்பது பாகம் வரும் என்று. ஃபோர்மேன் வெட்டியதில் அந்தக் குறிப்பு என் பங்குக்கு வந்தது. கடைசி வரி இது, எனக்கு மனப்பாடம்: 'என் வரிகளை அச்சுக்கூடத்தில் வாய்விட்டுப் படிக்கும் அன்பரின் குரலைக் கேட்ட பிறகே, எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.'

ஒன்பது வருஷமாக அந்த எழுத்தாளரின் ஒவ்வொரு எழுத்தையும் நின்றுகொண்டே பொறுக்கியவர்கள் ஆறு பேர். எங்களைப் பற்றி அரை வரி இல்லை. உட்கார்ந்து படித்தவருக்கு ஒரு வரி. அதையும் நான்தான் கோக்கவேண்டும்.

கோக்கவில்லை. அதற்கு முந்தின வரியில் புள்ளியை வைத்து முடித்துவிட்டேன்.

புரூஃபில் மாட்டுவேன் என்று தெரியும். மாட்டினால் 'கண் தவறிவிட்டது' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். குறிப்பைப் படிக்கிற நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சகலையின் குரல் வந்தது. நன்றி, நாற்பது பாகம், இரண்டு தட்டு. அதோடு நின்றுவிட்டது. கண்ணாடிக்காரர் "சரி" என்றார். அடுத்த தாளுக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது. அன்றைக்கு அண்ணி, அதாவது சகலையின் மனைவி, அடுத்த தெருவிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். நல்ல சேலை. அறையில் நிற்க இடமில்லை. சகலை கத்தியால் மடிப்பைப் பிரித்தார்.

"கதை அப்புறம். முதல்ல அந்தக் குறிப்பைப் படிங்க" என்றார் அண்ணி. கூட்டத்தைப் பார்த்து, "இவரைப் பத்தி எழுதியிருக்காரு. கதை எழுதுறவரே எழுதியிருக்காரு. இவரே வீட்டுக்கு வந்து சொன்னாரு என்கிட்ட" என்றார்.

சகலை தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "அது... இதுல இல்லை போல. அடுத்த வாரம் வரும்."

"நல்லாப் பாருங்க."

"இல்லைம்மா."

தையல்காரர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "கனாவுல அச்சாகியிருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. அண்ணி அந்த நல்ல சேலையோடு எழுந்து உள்ளே போனார். அன்றைக்கு முழுக்க முன்னறைக்கு வரவில்லை. சகலை கதையைப் படித்தார். முதன்முதலாக ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். அவர் வீட்டிலிருந்து என் வீடு நாற்பது அடி. அந்த நாற்பது அடி வரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் கை கழுவுகிற இடத்தில் சகலையே என்னிடம் சொன்னார்.

"தப்பு என் மேலதான் தம்பி. என்னைப் பத்தி இருந்துச்சா, அதை நானே எப்படி வாய்விட்டுப் படிக்கிறது? கூச்சமாப் போச்சு. படிக்காம தாண்டிட்டேன். படிச்சிருந்தா கண்ணாடிக்காரர் புரூஃபுல இல்லைன்னு புடிச்சிருப்பாரு."

"ஆமாண்ணே. படிச்சிருக்கணும்" என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்தது.

எழுபது பாகம் தாண்டியபோது அவர் குரலில் கரகரப்பு விழுந்தது. முதலில் சளி என்றார். பிறகு கூஜாத் தண்ணீர் காலையிலேயே தீர்ந்துபோனது. பாதிப் பக்கத்தில் நிறுத்திக் கழுத்தைத் தடவிக்கொள்வார். எண்பத்தைந்தாவது பாகத்தில் கண்ணாடிக்காரர், "வெண்கலம், இன்னைக்குப் போதும், போய்ப் படு" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு சகலை அந்த நாற்காலிக்கு வரவே இல்லை. தொண்டைக்குள் கட்டி என்றார் வைத்தியர். ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். கொஞ்ச நாளில் பேச நினைத்தாலும் முடியாமல் போனது. அண்ணி ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் படிப்பு இல்லை. தெருவே செத்துப்போனது மாதிரி இருந்தது. நாலாவது வாரம் என் மனைவி என்னிடம் வந்தாள்.

"நீங்க படிங்களேன். எழுத்து உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். சகலை உள்ளறையில் படுத்திருந்தார், கதவு திறந்திருந்தது. அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து மடிப்பைப் பிரித்தேன். படித்தேன்.

எழுத்தை எழுத்தாகப் பார்த்தே பழகிய கண். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்து விழுந்தது. கமாவில் நிற்க மறந்தேன், நிற்கக் கூடாத இடத்தில் நின்றேன். 'அவள் அழுதாள்' என்று படித்தபோது தையல்காரர் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். பிறகு நாலு பேர். முடித்தபோது பெஞ்சு காலி.

வீட்டுக்குப் போகிற வழியில் என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "கோச்சுக்காதீங்க. நீங்க படிச்சா எழுத்து தெரியுது. கதை தெரியலை."

நான் திட்டினேன். எதைத் திட்டினேன் என்று நினைவில்லை, அந்தத் தெருவில் என்ன கண்ணில் பட்டதோ அதையெல்லாம் திட்டினேன்.

மறுநாள் சகலை என்னை வரச்சொன்னதாக அண்ணி வந்து சொன்னார். போனேன். என் படிப்பைப் பற்றிக் கிண்டல் செய்வார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

'நாலாம் நம்பர்.'

"என்னண்ணே?"

துடைத்துவிட்டு எழுதினார். 'அந்தக் குறிப்பு. துண்டு என் கையிலதானே இருந்துச்சு. மூலையில நாலுன்னு போட்டிருந்துச்சு. அன்னைக்கே தெரியும்.'

எனக்கு உடம்பெல்லாம் கொதித்துப் போனது. அன்றைக்குக் கை கழுவுகிற இடத்தில், என்னோடதுதான் தப்பு என்று சொல்லிக்கொண்டு நின்றாரே, எல்லாம் தெரிந்துதான் நின்றாரா?

"அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

'வேணும்னே விட்டதுன்னு தெரிஞ்சா உன்னை அனுப்பிடுவாங்க. இவ தங்கச்சி அழுவா.' கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்குக் கீழே எழுதினார். 'அந்த வரியும் அப்படி ஒண்ணும் நல்லா இல்லை.'

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். சத்தம்தான் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் அவர் காலைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அங்கேயும் அவரே பெரிய மனுஷனாக உட்கார்ந்துகொண்டார். நான் செய்த கெட்ட காரியத்தில்கூட எனக்கு இடம் விடவில்லை. "வரேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

தொண்ணூறாவது பாகம் வந்தது. கடைசிப் பாகம். ஊரில் இன்னொரு அச்சுக்கூடக்காரன் எங்கள் புரூஃபைத் திருடி, முடிவை முந்திப் போட ஆள் வைத்திருக்கிறான் என்று பேச்சு. முதலாளி பயந்துபோய், புரூஃப்களைத் தன் அறையில் வைத்துப் பூட்டினார். கண்ணாடிக்காரர் அங்கேயே தனியாக உட்கார்ந்து திருத்தினார். கம்பாசிட்டர்களைப் பற்றி முதலாளிக்குக் கவலை இல்லை. ஆளுக்கு ஒரு துண்டுதானே. எனக்கு வந்த துண்டில் யாரோ ஒருவன் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் என் வீட்டில் எனக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. குளிக்க வெந்நீர், சோற்றோடு இரண்டாவது கறி. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

"வந்துட்டானா தச்சன்? ஒரு வார்த்தை சொல்லுங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"தெரியும். ஆனா சொல்லக்கூடாது" என்றேன். ஒன்றும் தெரியாது எனக்கு. ஆனாலும் அந்த விசிறிக் காற்று நன்றாக இருந்தது. எப்படியாவது முடிவைத் தெரிந்துகொண்டு, சனிக்கிழமைக்கு முன்னால் இவள் காதில் நானே சொல்லவேண்டும் என்று முடிவு செய்தேன். அவளும் ஒரு தடவையாவது எனக்கு முன்னால் தலையைக் குனிந்து கேட்கட்டும்.

செவ்வாய்க்கிழமை அண்ணி வாசலில் நின்றார். முகம் வீங்கியிருந்தது. "வைத்தியர் கையை விரிச்சுட்டாரு. உங்களைத்தான் கேக்குறாரு."

போனேன். பத்து நாளில் பாதி ஆளாகியிருந்தார். சிலேட்டைத் தூக்க முடியாமல் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு எழுதினார். 'முடிவு?'

"தெரியும்ணே. சொல்லக்கூடாது" என்றேன். வாய்க்கு அது பழகிவிட்டது.

அவர் என்னையே பார்த்தார். துண்டு வெட்டுகிற விஷயம் அவரைவிட யாருக்குத் தெரியும். 'உன் துண்டு எது?'

"கீல் மாட்டுற இடம்."

தோள் கொஞ்சம் குலுங்கியது. பிறகு எழுதினார். 'சனிக்கிழமை வரைக்கும் நான் தாங்கமாட்டேன் தம்பி. ரெண்டு வருஷமாப் படிச்சேன்.'

அதற்கு மேல் எழுதவில்லை. கேட்கவும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது நான் போகவில்லை. புரூஃப்தான் பூட்டுக்குள் இருந்தது. ஈயம் வெளியில்தான் இருந்தது. கோத்த பதினாறு பக்கமும் இரண்டு கல்மேடைகளில், கல்லுக்கு எட்டுப் பக்கமாக, இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி வைத்திருந்தது. தாளை மடிக்கிறபோதுதான் பக்கங்கள் வரிசைக்கு வரும். கல்லின் மேல் ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் இருக்கும், எதிரே எட்டும் ஒன்பதும் தலைமாறிப் படுத்திருக்கும். இரண்டும் மூன்றும் அடுத்த கல்லில். நாலும் ஐந்தும் மறுபடி இந்தக் கல்லில். நான் இரண்டு கல்லையும் சுற்றிச் சுற்றி நடந்து, இடம் வலம் மாறிக் கிடந்த எழுத்துகளைப் படித்தேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையை நான் வரிசையாகப் படித்தது அப்போதுதான். நாலாம் பக்கத்திலேயே கல்லைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கொடுமையும் நடந்தது. மனசுக்குள் கேட்ட குரல் என்னுடையதில்லை. கமாவுக்குக் கமா அவர்தான் படித்தார். என் தலைக்குள்ளேயும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பதினோராம் பக்கத்தில் இருந்தபோது ஃபோர்மேன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன கடுகு, சாப்பிடலையா?"

"ஒரு எழுத்து சாஞ்ச மாதிரி இருந்துச்சு. பாக்குறேன்."

"அது உன் பக்கம் இல்லையே."

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெண்கலம் எப்படி இருக்காரு?"

"சனிக்கிழமை தாண்டாதுங்கறாங்க."

ஃபோர்மேன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். கதவை இழுத்துச் சாத்தினார். வாசலில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் வேலை விட்டதும் நேராக அவரிடம் போனேன். அண்ணியை வெளியில் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். சொல்ல ஆரம்பித்ததும் குழறிவிட்டது. கீலில் தொடங்கிவிட்டேன். அவர் கையை உயர்த்தினார். சிலேட்டில், 'முதல்ல இருந்து. அவர் எழுதின மாதிரியே.'

கம்பாசிட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. துண்டை ஒரு தடவை பார்த்தால் நாலு வரி கையில் தங்கும். கண்ணை மூடிக்கொண்டு, எழுத்து பொறுக்குவதுபோல விரலை அசைத்து அசைத்துச் சொன்னேன். விரல் அசைய அசைய வரி வந்தது. நான் நிற்காமல் ஓடிய இடத்திலெல்லாம் கட்டில் சட்டத்தில் அவர் விரல் தட்டியது. நின்று நின்று போனேன்.

கடைசிப் பாகம் வந்து நாலு வருஷமானதால் இப்போது முடிவைச் சொல்லலாம். தச்சன் வருகிறான். தாடியும் நரையுமாக நிற்கிறவனைப் பிழைப்புத் தேடுகிற கூலித் தச்சன் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். கிறீச்சிடுகிற கதவைச் சரிசெய்யச் சொல்கிறாள். உள்ளே பத்துக் கடிகாரங்கள் ஓடுகிற சத்தம் அவனுக்குக் கேட்கிறது. ஒன்றும் சொல்லாமல் கீலை மாட்டிவிட்டுக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். 'அவள் கதவைச் சாத்தினாள். சத்தம் வரவில்லை. குனிந்து பார்த்தாள். ஆணித் தலைகளில் மெழுகு தடவியிருந்தது. உப்புக் காற்றுக்குப் பயந்து கப்பலில்தான் அப்படித் தடவுவார்கள். கதவைத் திறந்து போட்டபடி, செருப்பை மறந்து, அவள் ஓடினாள்.' அவ்வளவுதான். பிடித்தாளா இல்லையா என்று கிடையாது.

கடைசி இரண்டு தட்டும் விழுந்தது. நான் கண்ணைத் திறந்தேன். அவர் கண்ணோரம் நனைந்திருந்தது. நான் சொன்ன கதைக்கு ஒரு ஆள் அழுதது அதுதான் முதல் தடவை. அவரையும் என்னையும் எழுதினவரையும் பூட்டிய அறையில் இருந்த கண்ணாடிக்காரரையும் தவிர இந்த முடிவு முழுசாகத் தெரிந்தவர்கள் ஊரில் யாருமில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போது ஒரு ஆள் குறைந்துபோவார் என்று அப்போது தெரியாது.

எழுந்தேன். நாற்பது அடியில் என் வீடு. இப்போது எனக்கு முழுக்கதையும் தெரியும், வரிவரியாகத் தெரியும், விரல் நுனியில் இருக்கிறது. என் மனைவி வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். சிலேட்டைத் தன் சட்டையால் துடைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது, ஒவ்வொரு வரிக்கும் நேரம் ஆனது. எழுதி என் பக்கம் திருப்பினார்.

'முடிவை யாருக்கும் சொல்லாதே. உன் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லாதே. கெஞ்சுவா, சொல்லாதே. ஞாயித்துக்கிழமை எல்லார் கூடவும் உக்காந்து அவ கேக்கட்டும். நீதான் படிக்கணும்.'